தண்டையார்பேட்டையில் ஒரு பாராசூட் பிரிகேட்

டிசம்பர் 13, வெள்ளி. மண்ணடி

திருச்சியில் கிளம்பும்போதே மழை, இங்கே வந்து இறங்கினால் அதைவிடப் பெரிய மழை. மண்ணடியில் லாட்ஜ், ஒரு நாளைக்கு 900 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். குழாயில் வருவது உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. குடிக்க வேண்டுமென்றால் கேன் 40 ரூபாய், அதையும் நீங்கள்தான் கீழே வந்து தூக்கிப் போக வேண்டும் என்று மேனேஜர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது.

எதற்கு வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு 50-வது பாராசூட் பிரிகேட் மேல் கொஞ்ச நாளாகப் பித்து. பிரிகேட் என்றால் மூன்று பட்டாலியன், கூடவே பீரங்கி, பொறியாளர், மருத்துவர், லாரி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய மூவாயிரம் பேர். இந்தப் பிரிகேட் 1941-ல் டெல்லியில் ஆரம்பித்தது. 1944-ல் மணிப்பூர் மலை, 47-48-ல் காஷ்மீர், 61-ல் கோவா, 71-ல் கிழக்கு வங்காளம், 88-ல் மாலத்தீவு, 99-ல் கார்கில் என்று இது போகாத இடம் குறைவு. பாராசூட் பிரிகேட் என்று பெயரே தவிர இதில் பாதிச் சண்டைக்கு மேல் தரையில் நடந்து போய்ப் போட்டதுதான். என்னை உள்ளே இழுத்தது ஒரு டாக்டர், ஏ.ஜி. ரங்கராஜ். இந்திய ராணுவத்தில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இந்தியர்களில் ஒருவர். பின்னாளில் கொரியா போரில் 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவுக்குத் தலைமை வகித்துப் போனார். 1950 டிசம்பரில் பியோங்யாங்கை விட்டு எல்லோரும் ஓடும்போது, மருத்துவச் சாமான்களை விட்டுவர மனமில்லாமல் ஒரு பழைய நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, தாங்களே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள் என்று படித்ததும் எனக்கு மற்றதெல்லாம் தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

இந்தப் பிரிகேடில் இருந்த பெரியவர் ஒருவர் தண்டையார்பேட்டையில் இருக்கிறார் என்று முன்னாள் ராணுவத்தினர் வட்டாரத்தில் ஒருவர் நம்பர் கொடுத்தார். பெரியவரிடம் போனில் பேசினேன். "இன்னிக்கு வராத, மழையில தெருவுல தண்ணி நிக்குது, நாளைக்கு வா" என்றார். சரி என்று டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

ஜும்ஆ முடிந்த நேரம், டீக்கடையில் நிற்க இடமில்லை. டீ 15, சமோசா 12, உள்ளே வெங்காயம் மட்டும், ஆனால் அடுத்ததைக் கேட்க வைக்கிற வெங்காயம். பக்கத்தில் நின்ற பாய், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், "எந்த ஊரு, இன்னா விஷயமா" என்று ஆரம்பித்தார். சொன்னேன். உஸ்மான் பெயரைச் சொன்னதும் "நம்மாளா?" என்று ஒட்டி நின்றுகொண்டார்.

பிரிகேடியர் முகமது உஸ்மான் பலூச் ரெஜிமென்ட்காரர். பிரிவினையில் அந்த ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது, இவரையும் கூப்பிட்டார்கள், போகவில்லை. 1947 டிசம்பரில் நௌஷேராவில் இருந்த 50-வது பிரிகேடின் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. அதே மாதம் 25-ம் தேதி பக்கத்தில் ஜாங்கர் என்ற ஊர் கைவிட்டு பாகிஸ்தான் தரப்பிடம் போனது. அதைத் திரும்பப் பிடிக்கும்வரை கட்டிலில் படுக்க மாட்டேன் என்று காஷ்மீர் பனியில் தரையில் படுத்திருக்கிறார் மனிதர். 1948 பிப்ரவரி 6-ம் தேதி நௌஷேராவைத் தாக்க வந்த பெருங்கூட்டத்தைத் தடுத்து நிறுத்தினார்கள். ஒரு சின்னக் காவல் முனையில் கடைசி ஆளாக நின்று செத்த நாயக் ஜதுநாத் சிங்குக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது அன்றைய சண்டைக்குத்தான். மார்ச் 18-ல் ஜாங்கர் திரும்பக் கிடைத்தது. அன்றைக்கு ராத்திரி படுக்க ராணுவத்திடம் ஒரு கட்டில்கூட இல்லை, ஊருக்குள் கேட்டு வாங்கி வந்தார்களாம்.

"அப்புறம்?" என்றார் பாய்.

ஜூலை 3-ம் தேதி அதே ஜாங்கரில் பீரங்கிக் குண்டு விழுந்து இறந்துபோனார். 36 வயது முடிய இன்னும் சில நாள் இருந்தது. டெல்லியில் ஜாமியா மில்லியா பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

பாய் ஒன்றும் சொல்லாமல் கிளாஸை வைத்துவிட்டு என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். நான் மறுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிறகு திரும்பி, கட்டில் வாங்கி வந்த கதையை ஒருமுறை கடைக்காரப் பையனுக்கு அவரே சொன்னார். அவர் சொன்னதில் கட்டில் ராஜா வீட்டுக் கட்டிலாகிவிட்டது.

டிசம்பர் 14, சனி. தண்டையார்பேட்டை

மழை விட்டிருந்தது. மெட்ரோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தண்டையார்பேட்டை. வெளியே வந்ததும் முழங்காலுக்குக் கீழே எல்லாம் சேறு. ஷேர் ஆட்டோக்காரர் 20 ரூபாய் என்று ஏற்றிக்கொண்டு, நடுவில் தண்ணீர் தேங்கிய தெருவைப் பார்த்ததும் "இதுக்கு மேல வண்டி போவாது, நீ பத்து ரூபா குடு போதும்" என்று அவராகவே குறைத்துக்கொண்டார்.

தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றது. பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக, வரிசைக்குப் பக்கத்தில் சண்டையும். ஊரே நனைந்து கிடக்கிறது, குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது. அந்த வரிசையில் தொளதொள அரைக்கால் சட்டையும் பனியனுமாக இரண்டு குடத்தோடு நின்ற கிழவர்தான் நான் தேடி வந்தவர். முதுகு நேராக இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன். ஒரு குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். "ராணுவத்துல இருந்தும் இதே வேலை, இங்கயும் இதே வேலை" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை.

வயது 78. 66-ல் சேர்ந்தவர். பதினைந்து வருஷம் முடித்து வந்து, அப்புறம் ஹார்பரில் டிரெய்லர் ஓட்டியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், காரணம் கடைசியில் வருகிறது. வீடு இரண்டு அறை. சுவரில் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, அம்பேத்கர், ஒரு குரூப் போட்டோ. போட்டோவில் எல்லோரும் மெரூன் தொப்பி, பாராசூட் படைக்காரர்களின் அடையாளம்.

நான் பேச்சை நேராகத் தாங்கைல் சண்டைக்குக் கொண்டு போனேன். 1971 டிசம்பர் 11 சாயங்காலம், டாக்காவுக்கு வடக்கே தாங்கைல் பக்கம், பூங்லி பாலத்தைப் பிடிப்பதற்காக 2-வது பாரா பட்டாலியன் குதித்தது. லெப்டினன்ட் கர்னல் பன்னு தலைமை. சுமார் 750 பேர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்திய ராணுவம் போட்ட பெரிய பாராசூட் தாக்குதல் அதுதான். 16-ம் தேதி டாக்காவுக்குள் முதலில் நுழைந்ததும் அவர்கள்தான். "அங்க கீழே எறங்கும்போது எப்படி இருந்துச்சுங்க ஐயா?" என்று கேட்டேன்.

"நான் எங்க எறங்குனேன்? நான் லாரி."

"லாரியா?"

"தண்ணி வண்டிபா. மத்தவன்லாம் குதிப்பான், நான் கீழே தண்ணி வச்சிகினு நிப்பேன். குதிச்சவனுக்கு மொத வேல தண்ணி கேக்கறதுதான்."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சப்பென்று ஆனது உண்மை. வீர சாகசம் கேட்க இவ்வளவு தூரம் வந்தால் தண்ணி வண்டி. ஆனால் அவர் பேச ஆரம்பித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அந்த டிசம்பரில் 2-வது பட்டாலியனைத் தவிர்த்து மீதிப் பிரிகேட் ஜெசூர் பக்கம் தரை வழியாகப் போனது. இவர் கல்கத்தா பக்கத்திலிருந்து பெனாபோல் வழியாக, கான்வாயில் கடைசிக்கு முந்தின வண்டி. ராத்திரி விளக்குப் போடக் கூடாது, காலையில் பனி மூட்டம், முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம் அடித்திருக்கிற வெள்ளைப் பட்டையைப் பார்த்தே ஓட்ட வேண்டும். வங்காளத்தில் தடுக்கி விழுந்தால் குளம். "அது பெரிய தொல்லபா. குளம் இருக்கு, கெணறு இருக்கு, ஆனா கெணத்துல இன்னா கெடக்குதுன்னு எவனுக்குத் தெரியும். ஒன்பது மாசமா கொன்னு போட்டுகினு இருந்தானுங்க. ஊர்க்காரன் குடிச்சிக் காட்டினாத்தான் நாங்க பைப்பே உள்ள வுடுவோம். அப்புறம் மருந்து போட்டு அரமணி நேரம் காத்திருக்கணும், அதுக்குள்ள பசங்க கெட்ட வார்த்தைல திட்டுவானுங்க." அரை மணி நேரத்துக்கு முன் தண்ணீர் கொடுத்ததே இல்லை என்று அவருக்கு இன்னும் பெருமை. ஒரு மேஜர் ஜீப்பை நிறுத்திக் கேட்டபோதும் கொடுக்கவில்லையாம். மேஜர் ஜீப்பில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

இன்னொரு கதை இதைவிட நன்றாக இருக்கும் என்று நானே அவருக்குச் சொன்னேன். தாங்கைல் செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தபோது 5,000 பேர் குதித்ததாகப் போட்டார்கள். பாதுகாப்புத் துறையின் செய்திப் பிரிவு பத்திரிகைகளுக்குக் கொடுத்த படம் தாங்கைலில் எடுத்ததே இல்லை, முன்பு ஆக்ராவில் மொத்தப் பிரிகேடும் பயிற்சிக்குக் குதித்தபோது எடுத்தது. வானம் முழுக்கப் பாராசூட். டாக்காவில் இருந்த பாகிஸ்தான் தளபதிகளின் மனதை உடைத்ததில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு என்கிறார்கள்.

பெரியவர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு, "ஆக்ராவுல எங்க? மால்புராவா?" என்றார். பயிற்சிக்குக் குதிக்கிற மைதானம் அதுதான். "அப்ப அந்த போட்டோவுக்குக் கீழ நான் நின்னிகினு இருந்திருப்பேன்பா! மால்புரால டிராப்புன்னா என் வண்டி இல்லாம நடக்காது!" உடனே உள்ளே பார்த்து, "அடியே, நான் பாகிஸ்தான்காரனப் பயமுறுத்தியிருக்கேன்டி" என்று கத்தினார்.

உள்ளேயிருந்து பதில்: "சோறு வடிக்கறேன், அப்புறம் பயமுறுத்து."

சாப்பாடு அங்கேயேதான், விட மாட்டேன் என்றுவிட்டார்கள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, ரசம். குழம்பில் ஒரு புளிப்பு, புளியினுடையது இல்லை. கேட்டேன். புளிச்ச கீரைத் தண்டு போட்டதாம். "எங்க ரங்கூன் வீட்டுல அப்படித்தான் வைப்போம்" என்று அந்த அம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார். நான் அதை அப்போது பிடித்துக்கொள்ளவில்லை, பெரியவர் கோவாவுக்குப் போய்விட்டார். கோவா சண்டை அவர் சேர்வதற்கு முன்னால் நடந்தது, ஆனாலும் சீனியர்கள் சொல்லக் கேட்டதைத் தான் பார்த்த மாதிரியே சொன்னார். 1961-ல் இந்தப் பிரிகேடுக்குக் கொடுத்தது வடக்கிலிருந்து போகிற துணை வேலைதான். பெரிய வேலை 17-வது டிவிஷனுக்கு. ஆனால் பிரிகேடியர் சகத் சிங் நிற்காமல் ஓட்டினார், டிசம்பர் 19 காலையில் பஞ்சிமுக்குள் முதலில் போனது இவர்கள். "துணை வேலைன்னு குடுத்தாத்தான் நம்மாளு வேலையக் காட்டுவான்" என்றார், மோர் குடித்தபடி.

அதே நாள் இரவு. செகண்ட் லைன் பீச்

திரும்பி வந்து அத்தோ சாப்பிடப் போனேன். பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டி வரிசை. கடைக்காரர் கையாலேயே நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், ஒடித்துப் போட்ட தட்டை எல்லாம் பிசைந்து கொடுக்கிறார். கூடவே வாழைத்தண்டு சூப், அது இலவசம், கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். அத்தோ 70, முட்டை மசாலா 25. முட்டையைக் கீறி உள்ளே வறுத்த பூண்டும் வெங்காயமும் திணித்துத் தருகிறார்கள், ஒரே வாயில் போட வேண்டுமாம். போட்டேன். பேச முடியாமல் நின்றதைப் பார்த்துக் கடைக்காரர் தண்ணீர் பாக்கெட்டை வெட்டிக் கொடுத்தார்.

1962-க்குப் பிறகு பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சியில் கடை கண்ணி எல்லாம் அரசுடைமையாகி, கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள்தான் இந்த வண்டிக்காரர்கள். இவர்களில் பலர் வியாசர்பாடி பக்கம் குடியேறினார்கள். மதியம் அந்த அம்மா சொன்ன ரங்கூன் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடடா என்று இருந்தது. நாளைக்குக் கேட்க வேண்டும்.

நடந்து வரும்போது ஹைகோர்ட் மதிலில் எம்டன் கல்வெட்டைப் பார்த்தேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் கடலில் நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது, ஹார்பர் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியது. என் பிரிகேடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த ஊரில் எந்தப் போரைத் தொட்டாலும் பர்மா வந்துவிடுகிறது.

டிசம்பர் 15, ஞாயிறு. காசிமேடு, மறுபடி தண்டையார்பேட்டை

வெறுங்கையோடு போகக் கூடாது என்று காலை ஐந்தரைக்குக் காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் அலைமோதியது, மழையில் பாதி போட் கடலுக்குப் போகாததால் விலையும் ஏறிக் கிடந்தது. வஞ்சிரம் கிலோ 1,200 என்றார்கள், கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். சங்கரா 380-க்கு வாங்கினேன். மீன் பெட்டிகளுக்கு நடுவே கால் வழுக்கி இடது செருப்பின் வார் அறுந்தது. மீன் விற்ற அம்மா தன் வலை நூலில் ஒரு துண்டை வெட்டி, செருப்பில் கோர்த்து, பல்லால் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்" என்றார். தாங்கியது.

டீ குடித்த இடத்தில் போட் டிரைவர் ஒருவரிடம் மாலத்தீவு பற்றிப் பேச்சு வந்தது. 1988 நவம்பர் 3 விடியற்காலையில் மாலேயைப் பிடிக்கப் படகில் போய் இறங்கியவர்கள் இலங்கைத் தமிழர் இயக்கமான புளொட்டைச் சேர்ந்த கூலிப்படை, கூட்டிப் போனது மாலத்தீவு வியாபாரி ஒருவர். அதிபர் கயூம் ஒளிந்துகொண்டு உதவி கேட்டார். அன்றைக்கு ராத்திரியே ஆக்ராவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, பிரிகேடியர் புல்சாரா தலைமையில் 50-வது பிரிகேட் ஆட்கள் ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கினார்கள். பாராசூட் தேவையே படவில்லை, ஓடுபாதை காலியாக இருந்தது, விமானமே இறங்கிவிட்டது. பணயக்கைதிகளோடு கப்பலில் தப்பியவர்களைக் கடற்படை வழிமறித்துப் பிடித்தது. போட் டிரைவருக்கு இதில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. "ஆக்ராவுலேர்ந்தா? தூத்துக்குடிலேர்ந்து போட்ல போயிருந்தா டீசல் மிச்சம்" என்றார். மனிதர் சிரிக்கக்கூட இல்லை.

மீனோடு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. இந்த முறை நான் பிரிண்ட் எடுத்து வந்திருந்த மணிப்பூர் வரைபடத்தைத் தரையில் விரித்தேன். பெரியவருக்குச் சாங்ஷாக் கதை தெரியாது. பிரிகேடில் பதினைந்து வருஷம் இருந்தவருக்கு அந்தப் பிரிகேடின் முதல் பெரிய சண்டை தெரியவில்லை. தோற்ற சண்டை என்பதால் யாரும் அதிகம் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

1944 மார்ச். இம்பாலுக்கு வடகிழக்கே உக்ருல் போகிற மலைப்பாதையில், அமைதியான இடம், போய்ப் பயிற்சி எடுங்கள் என்று இந்தப் பிரிகேடை அனுப்பியிருந்தார்கள். பிரிகேடியர் ஹோப்-தாம்சன் இளைஞர். முள்வேலி கேட்டார், வரவில்லை. மார்ச் 19 அன்று ஜப்பானியப் படை பர்மா பக்கத்திலிருந்து வெள்ளமாக வந்து இறங்கியது. முன்னால் ஒரு குன்றில் இருந்த 152-வது பட்டாலியனின் ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுசாக அழிந்தது. மற்றவர்கள் சாங்ஷாக் என்ற நாகா ஊரின் மேட்டில் கூடினார்கள். மராட்டா பட்டாலியன் ஒன்றும் வந்து சேர்ந்தது. பாறை, மூன்றடிக்கு மேல் பள்ளம் தோண்ட முடியாது. மேட்டில் தண்ணீர் கிடையாது.

இங்கே பெரியவர் நிமிர்ந்தார். "தண்ணி கெடையாதா? எத்தினி பேரு இருந்தான்?"

இரண்டாயிரம் பேர்கிட்ட, தவிர கோவேறு கழுதைகள்.

"அப்ப அந்த எடத்த எவன் செலக்ட் பண்ணான்?" கோபமாகவே கேட்டார். நான் பதில் சொல்ல வேண்டியவன் மாதிரி. விமானத்தில் தண்ணீரும் குண்டும் போட்டார்கள், இடம் சின்னது, பெரும்பகுதி ஜப்பானியர் பக்கம் போய் விழுந்தது என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். குதிக்கிறதில் கூட்டாளி எங்கே விழுவான் என்று பார்த்தே பழகியவருக்கு அது தாங்கவில்லை போல. இறந்த கழுதைகள் அழுகின நாற்றம், காயம்பட்டவர்கள் கிடந்த பள்ளங்களிலேயே மறுபடி குண்டு விழுவது, மேட்டில் இருந்த சர்ச் கைமாறிக் கைமாறிப் போனது. 26-ம் தேதி ராத்திரி பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. நடக்க முடிந்தவர்கள் காட்டுக்குள் இறங்கி இம்பால் பக்கம் போனார்கள். இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து 600 பேர் அளவுக்கு இழப்பு. பிரிகேடியர் நொடிந்துபோனார், ஊருக்கு அனுப்பி, அவர்மேல் பழியும் போட்டார்கள். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. அந்த ஒரு வாரம் ஜப்பானியரை அங்கே நிறுத்தி வைத்ததால்தான் இம்பாலுக்கும் கொஹிமாவுக்கும் ஆள் சேர்க்க நேரம் கிடைத்தது. கொஹிமா முற்றுகை ஏப்ரல் முதல் வாரத்தில்தான் தொடங்கியது. செத்த ஜப்பானிய அதிகாரியிடம் கிடைத்த வரைபடத்தில் கொஹிமாவைப் பிடிக்கிற திட்டமே இருந்தது, அதை இம்பாலுக்கு அனுப்பி வைத்ததும் இவர்கள்தான். கல்வெட்டுகளும் புகழும் கொஹிமாவுக்குப் போயின.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மீனைக் கழுவிவிட்டு வந்த அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வரைபடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இம்பாலைப் படித்தார். "தமு எங்க இருக்கு இதுல?" என்றார்.

காட்டினேன். பர்மா எல்லை. அங்கிருந்து மேலே பாலெல், அப்புறம் இம்பால்.

"எங்க அப்பா இந்த வழியாத்தான் நடந்தாரு. நாப்பத்திரண்டுல."

பெரியவர் மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி ஐம்பது வருஷம் இருக்கும். "உங்கப்பன் கப்பல்ல வந்தார்னுதான சொன்ன?"

"அது ரெண்டாவது வாட்டி. அறுபத்தஞ்சுல. என்னையும் தூக்கிட்டு."

ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டதும் பர்மாவில் இருந்த நம்மவர்கள் லட்சக்கணக்கில் நடக்க ஆரம்பித்தார்கள், வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. இந்த அம்மாவின் அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, தன் அம்மாவோடு நடந்திருக்கிறார். தமு தாண்டி ஏறுகிற மலையில் வெயில் காலத்தில் ஊற்றெல்லாம் வற்றிக் கிடந்தது. ஒரு தகர டின் தண்ணீருக்குப் பாட்டி காதுத் தோட்டில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாராம். இன்னொன்று பாலெலில் போனது, அது பாட்டியைப் புதைக்க உதவி செய்தவர்களுக்கு. திமாப்பூரில் ரயிலேறி மதராஸ் வந்தவர், போர் முடிந்ததும் மறுபடி பர்மாவுக்கே போய் அங்கே கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆகி, மறுபடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். "மோரேல எங்க சித்தப்பா வீடு இன்னும் இருக்கு. திரும்பி பர்மா போயிடலாம்னு நடந்து போனவங்க, எல்லையில விடல, அங்கயே தங்கிட்டாங்க. அங்கயும் நம்ம கோயில் கட்டியிருக்காங்க" என்றார். மணிப்பூரில் கலவரம் தொடங்கினதிலிருந்து போன் சரியாகக் கிடைப்பதில்லையாம்.

சாங்ஷாக் வேறு பாதை, தமு வேறு பாதை. ஒரே ரோடு என்று அடித்துவிடலாம், படிக்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. நடுவில் மலைகள். இரண்டு வருஷ இடைவெளி. நான் அதைச் சொன்னேன். அந்த அம்மா விரலால் இரண்டு இடத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் தண்ணி இல்ல பாரு" என்றார். படை வரலாறுகளில் எந்தக் குன்றை எந்தக் கம்பெனி பிடித்தது என்பது நிமிஷக் கணக்கோடு இருக்கும், தண்ணீரை யார் சுமந்தார்கள் என்பது பின்னிணைப்பில்கூட இருக்காது. நானும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன், நேற்று வரைக்கும்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மனைவியிடம், "இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீ எங்க கேட்ட? நீ லாரிய பத்தியே பேசுவ."

சங்கரா வறுவல் பிரமாதம்.

டிசம்பர் 16, திங்கள். போர் நினைவுச் சின்னம்

பாகிஸ்தான் படை சரணடைந்த நாள். கோட்டைக்குத் தெற்கே மெரினா தொடங்கும் இடத்தில் இருக்கிற நினைவுச் சின்னத்தில் வருஷா வருஷம் மலர்வளையம் வைப்பார்கள். பெரியவர் போக வேண்டும் என்றார். ஆட்டோவுக்கு 350 கேட்டார்கள், மெரூன் தொப்பியோடு அவர் வெளியே வந்ததும் அதே ஆட்டோக்காரர் 200 போதும் என்றார். பெரியவர் 250 கொடுத்தார்.

அதிகாரிகள் நிகழ்ச்சி முடியும்வரை பொதுஜனம் ஓரத்தில்தான். பிகிள் சத்தம் பஸ் ஹார்னுக்கு நடுவில் கேட்டது. காவலுக்கு நின்ற இளைஞன், ராஜஸ்தான் பக்கம் போல, தொப்பியைப் பார்த்துவிட்டு இந்தியில் எந்த யூனிட் என்று கேட்டான். பெரியவர் விறைப்பாகச் சொன்னார். அவன் உடனே நாற்காலி கொண்டுவந்து போட்டான், தண்ணீர் பாட்டிலும். பெரியவர் மூடி சீல் பிரியாமல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

எல்லாம் முடிந்து பாரிமுனையில் பொங்கல் வடை. 140 ரூபாய், என்னைக் கொடுக்கவிடவில்லை. சாம்பார் சுமார், வடை நன்றாக இருந்தது. அங்கேதான் பெயர் விஷயத்தைச் சொன்னார்.

"எழுதிக்கோ, ஆனா பேரு போடாத. தாங்கைல்ல நான் குதிச்சேன்னு எங்க தெருவுல பாதிப் பேரு நெனச்சிகினு இருக்கான்."

"நீங்க சொன்னீங்களா?"

"நான் எப்பவும் சொன்னதில்ல." சட்னியை வழித்தார். "இல்லன்னும் சொன்னதில்ல."